பெரணிச் சாம்பலும் ஒரு பசுவின் நெற்றியும்

வாசகர்களே, இந்த வழக்கில் நீங்கள்தாம் சாட்சி. நான் சொல்லப்போகும் மனிதரை நீங்கள் நேரில் கண்டதில்லை என்பது எனக்குத் தெரியும். கண்டவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். காணாத நீங்களே நடுநிலையாளர்கள். ஆகவே கேளுங்கள். கோபுரம் எழுந்த நாள்தொட்டுத் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர்களிலேயே, ‘நிச்சயம்’ என்ற சொல்லை நாவால் தீண்டாமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் சாம்பல் சார். மறுப்பவர் மேடைக்கு வரலாம்.

எழுபதுகளின் இறுதியில் நான் கல்லூரியின் மாணவப் பேச்சாளன். ‘ஐயமில்லை’, ‘திண்ணம்’, ‘இதனினும் வேறு உண்மை உண்டோ?’ ஆகியவை எனக்கு மூச்சுக்காற்று. எதிரணியை நோக்கி ஒரு வினாவைத் தொடுத்து, விடை வருவதற்குள் கைதட்டலைப் பெற்றுக்கொண்டு இறங்குவது என் பாணி. அப்படிப்பட்ட எனக்கு, தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் இருந்த லாட்ஜில், அடுத்த அறைவாசியாக வாய்த்தவர் அவர். கீழ்த்தளம் யாத்திரிகர்களுக்கு, மாடி எங்களைப் போன்ற மாத வாடகைக்காரர்களுக்கு.

சார் எங்கள் கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பின் டெமான்ஸ்ட்ரேட்டர். முப்பதைத் தொட்டிருந்தார். ஒல்லியான உருவம், அமிலம் பட்டு ஓட்டை விழுந்த சட்டை, எதையும் ஏற்றுக்கொள்ளாத கண்ணாடி.

ஒரு மாலை லாட்ஜ் மேனேஜர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

“சார், வெளியே மழை பெய்யுதுங்களா?”

சார் ஜன்னல் வழியே கையை நீட்டினார். சிறிது நேரம் வைத்திருந்தார்.

“என் கை மேல பெய்யுதுங்க. தெருவுல பெய்யுதான்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

“டிபன் ஆச்சா?” என்று நான் கேட்டால், “இட்லி உள்ளே போயிருக்கு. அதை டிபன்னு ஒத்துக்கிறது உங்க இஷ்டம் பேச்சாளரே” என்பார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால், “வர வாய்ப்பிருக்கு” என்பார், சொன்னபடி வந்தும்விடுவார்.

இந்தக் குணத்தின் உச்சத்தை அவருடைய தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். மகனுக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். கூடம் நிறைய உறவினர். பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போயாயிற்று. தந்தையார் பெருமிதத்தோடு, “என்னடா, புடிச்சிருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு தடவைதான்பா பார்த்திருக்கேன். வேற வேற நாள்ல இன்னும் ரெண்டு தடவையாவது பார்க்கணும். அப்பதான் சராசரி சொல்ல முடியும்.”

“இன்னாது, சராசரியா?” என்று பெண்ணின் தாய்மாமன் எழுந்திருக்கிறார். அதன்பின் நடந்தவற்றைத் தந்தையார் விவரிக்க மறுத்துவிட்டார்.

பட்டப்பெயருக்கு வருவோம். ஞாயிறு தவறாமல் சார் முதல் பஸ்ஸில் ஜவ்வாது மலைக்குப் போவார். காட்டில் ஒரு மரத்தடியில் நின்று, இலையை ஒரு பையிலும், வேரின் ஒரு துண்டை இன்னொரு பையிலும், அந்த வேரைச் சுற்றியிருந்த மண்ணை மூன்றாவது பையிலும் சேகரித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்புவார். பிறகு வாரம் முழுவதும் இலைகளைக் கழுவுவதும், உலர்த்துவதும், பீங்கான் கிண்ணத்தில் இட்டு மெல்ல எரிப்பதுமாக அறை புகையும். எஞ்சும் சாம்பலை வெண்ணெய்த் தாளில் மடித்து, செடியின் பெயரை எழுதி, ஒரு பித்தளைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைப்பார். அந்தப் பித்தளைத் தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் எல்லா அனர்த்தமும் அதிலிருந்துதான் கிளம்பியது.

“எதற்காக இந்த வேள்வி?” என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் லைட்டரை எடுத்தார். புகைக்காதவர். சக்கரத்தைத் தட்டிப் பொறி பறக்கவிட்டார்.

“இந்த லைட்டர் கல்லுல சீரியம், லாந்தனம்னு சில உலோகம் இருக்கு. அருமண் தனிமங்கள்னு புஸ்தகத்துல பேரு. நம்ம பெட்ரோமாக்ஸ் மேன்ட்டில் இருக்கே, அதுலயும் சீரியம் கொஞ்சம் கலப்பாங்க. பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க, அவ்வளவு அரிதுன்னு சொல்ல முடியாது. எல்லா மண்ணுலயும் தூசி அளவு இருக்க வாய்ப்பிருக்கு. ஆனா மண்ணு அதைப் புடிச்சுக்கிட்டு விடாது.”

“பிறகு செடிக்கு எப்படிக் கிடைக்கும்?”

“வேர் லேசா ஒரு புளிப்பைக் கசிய விடுது. புளி தேய்ச்சா பித்தளைச் சொம்புல களிம்பு கழண்டுக்கிற மாதிரி, மண்ணு பிடியை விட்டுடுது. அது தண்ணியோட சேர்ந்து வேருக்குள்ள வந்துடுது. அதுக்கு மேல நம்ம மேனேஜர் வேலைதான்.”

“மேனேஜரா?”

“கீழே யாராவது வந்தா அவரு என்ன பண்றாரு? பெஞ்சுல உட்கார வெச்சுடறாரு, மாடிக்கு விடறதில்லை. முக்கால்வாசிச் செடியில வேர்தான் மேனேஜர். வந்ததை அங்கேயே நிறுத்திடுது. ஏதோ சில செடிதான் இலை வரைக்கும் ஏத்தி விடுது போல. இலையில தண்ணி ஆவியாப் போயிடும், இது தங்கிடும். அதனால முத்துன இலையில ஜாஸ்தி, தளிர்ல கம்மி. அப்படி இருக்கலாம்.”

“இருக்கலாமா? இருக்கிறதா?”

“இன்னும் அளக்கலையே.”

அவருடைய ஐயம் ஒரு பெரணியின் மேல் இருந்தது. மலையில் வெகு உள்ளே, ஓடைக்கரைப் பாறையிடுக்கில் வளரும் சாதாரணப் பெரணி. பூவும் இல்லை, காயும் இல்லை. பக்கத்தில் ஓங்கி நிற்கும் வேங்கை மரம்கூட வேண்டாம் என்று கீழேயே நிறுத்திவிடும் சரக்கை, இந்த எளிய பெரணி அள்ளி அள்ளித் தன் இலைக்கு அனுப்புகிறது என்பது அவர் கணிப்பு. ‘கணிப்பு’ என்பது என் சொல். அவர் ‘சந்தேகம்’ என்பார்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவரிடம் தக்க கருவி இல்லை. இருந்த வழி ஒன்றுதான். சாம்பலை அமிலத்தில் கரைத்து, ஒரு திராவகத்தைச் சொட்டுவார். அருமண் இருந்தால் வெள்ளையாகப் படியும். படியும்போதெல்லாம் மாடியிலிருந்து ஓர் ஆனந்தக் கூச்சல் எழும். பிறகு நெடிய அமைதி. பிறகு, வெளியே தேரோடும் வீதிவரை கேட்கும்படி, “சுண்ணாம்பு! மறுபடியும் சுண்ணாம்பு!” என்ற ஓலம். ஏனெனில் இலைகளில் சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. அதுவும் அதே திராவகத்துக்கு அதே வெள்ளையாகப் படியும்.

ஒருநாள் இந்த ஓலத்தைக் கேட்டுப் படியேறி வந்தவர் தயிரம்மா. அடி அண்ணாமலையிலிருந்து காலைதோறும் லாட்ஜுக்குத் தயிர் கொண்டுவருபவர். பெரிய குங்குமம், அதைவிடப் பெரிய குரல். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டினார்.

“இதுக்கா தம்பி இந்தக் கத்து கத்தற? கேட்டா குடுக்க மாட்டனா?”

அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கும் சாருக்கும் ஒரு நட்பு. தயிரை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்து, “இன்னா தம்பி, இன்னிக்கு எந்த மரத்தைக் கொளுத்துன?” என்று விசாரிக்காமல் போகமாட்டார். தம் வீட்டுப் பசு லட்சுமிக்கு ஊசி போட்டும் காளைக்கு விட்டும் சினை நிற்கவில்லை என்ற துயரத்தையும் அங்கேதான் இறக்கி வைப்பார். இருக்கும் இன்னொரு மாடு கிழடு. அதுவும் வற்றிவிட்டால் தயிரும் இல்லை, தயிரம்மாவும் இல்லை.

ஊரார் விடுவார்களா? காடு போகிறார், மூலிகை பறிக்கிறார், எரிக்கிறார், கல்யாணமும் இல்லை. வேறென்ன ஆதாரம் வேண்டும்? சார் ஒரு சித்தர், இலையிலிருந்து பொன் எடுக்கிறார் என்று செய்தி பரவியது. கதவைத் தட்டிய ஒருவரிடம் சார் வழக்கம்போல் உண்மையைச் சொன்னார்.

“தங்கம் எடுக்கலீங்க. அதுல தங்கம் இருக்கான்னு நான் அளந்ததும் இல்லீங்க.”

‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். ‘அளந்ததில்லை’ என்றார். மறுநாள் கூட்டம் மாடிப்படியில் நின்றது.

இப்படியே எத்தனை நாள்? தந்தையார் ஒருநாள் நேரில் வந்துவிட்டார். பித்தளைத் தட்டையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நம்ம மல்லாட்டைக்கு என்ன உரம் போடறதுன்னு கேட்டா தெரியலன்ற. எவனும் நடாத காட்டுச் செடி இன்னா துன்னுதுன்னு வருஷக்கணக்கா பார்க்கற. ஒண்ணு, இருக்குதுன்னு சொல்லு. இல்லாட்டி, இல்லன்னுட்டு ஊருக்கு வா. நெலம் கெடக்குது.”

சார் முதன்முறையாகத் தலைகுனிந்தார். பம்பாயில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் அவருடைய பழைய வகுப்புத் தோழர் ஒருவர் வேலையில் இருந்தார். அங்கே ஒரு சிட்டிகைச் சாம்பலே போதும். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கருவி பிரித்துச் சொல்லிவிடும். தோழர் கார்த்திகைத் தீபத்துக்கு ஊருக்கு வருவதாகவும், மறுநாள் காலை திரும்பும்போது பொட்டலங்களை எடுத்துச்செல்வதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் வெளிநாடு போகிறார். இன்னொரு வாய்ப்பு இல்லை.

“பம்பாய்ல அளந்து ஒண்ணும் இல்லன்னு வந்தா, எரிக்கிறதை நிறுத்திட்டு வந்துடறேன்பா” என்றார் சார். சற்று யோசித்து, “வந்துட வாய்ப்பிருக்கு” என்று திருத்தினார். ஆனால் அந்தத் திருத்தத்தில் வழக்கமான தெம்பு இல்லை. பக்கத்து அறையிலிருந்த எனக்கே அது புரிந்தது.

தீபத் திருநாள் வந்தது. அன்று எங்கள் ஊரில் தரை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, தலைகளே தெரியும். லாட்ஜில் மாடிக்காரர்களின் அறைகளையும் யாத்திரிகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது மேனேஜரின் தீபக்காலச் சட்டம். சாரும் நானும் தோழரைப் பார்த்து நேரம் உறுதிசெய்துகொண்டு பிற்பகலில் திரும்பினோம். வாசலில் நின்ற ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தது. எல்லாருடைய நெற்றியிலும் பளிச்சென்று திருநீறு. கூடத்தில் இருந்தவர்களுக்கும் அப்படியே. படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படியே. சார் ஒரு நெற்றியருகே குனிந்து உற்றுநோக்கினார். அவர் முகம் அந்த நெற்றியைவிட வெளுத்தது.

“பேச்சாளரே... இது வேங்கை.”

மேனேஜர் மலர்ந்த முகத்தோடு வந்தார். “பித்தளைத் தட்டுல மூலிகைத் துன்னூறு மடிச்சு வெச்சிருந்தீங்களே சார்! வேங்கை, கடுக்காய்னு பேரு வேற எழுதி. ஜனங்க கேட்டாங்க, நல்ல நாளாச்சேன்னு குடுத்துட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தேன்!”

வேங்கையும் கடுக்காயும் போனால் போகட்டும்; அவற்றின் உலர்ந்த இலைகள் இன்னும் பையில் இருந்தன, அன்றே எரித்துவிடலாம். பெரணி அப்படியன்று. கைவசம் இருந்தது அத்தனையும் எரித்து ஒரே பொட்டலமாக்கியாயிற்று. மலைக்குள் போய்த் திரும்பவும் பறித்துவர நேரமில்லை. பெரணிச் சாம்பல் சற்றே பழுப்பேறியது. பார்த்தால் சாருக்குத் தெரியும். ஆகவே அந்த விஞ்ஞானி, ஒரு கையில் ஓவியத் தூரிகையும் மறுகையில் வெண்ணெய்த் தாளுமாக, தம் பெரணியை யாத்திரிகர்களின் நெற்றிகளில் தேடப் புறப்பட்டார்.

“அம்மா, கொஞ்சம் நெத்தியைக் காட்டுங்க... கடுக்காய். ஐயா, வெளிச்சத்துக்கு வாங்க... வேங்கை. மறுபடியும் வேங்கை.”

சித்தரே இறங்கிவந்து நெற்றி பார்த்துக் குறி சொல்கிறார் என்று எவரோ சொல்லிவிட்டார்கள். வரிசை நின்றது. தெருவிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். “எனக்கு இன்னா சாமி வந்துது?” என்று ஒருவர் கேட்க, “கடுக்காய்” என்றார் சார். கேட்டவர் கண்ணீர் மல்கப் போனார்.

இனியும் நான் வாளாவிருத்தல் தகுமா? பெஞ்சின் மீது ஏறினேன். பேச்சுக்கலையின் முழு வலிமையையும் திரட்டினேன்.

“பெருமக்களே! உங்கள் நெற்றியில் இருப்பது திருநீறு அன்று! அது காட்டின் ரகசியம்! மண்ணின் ஆழத்திலிருந்து வேர்கள் வடித்தெடுத்த அரும்பொருள்! அதனைத் திருப்பித் தாருங்கள்!”

“அண்ணாமலையாருக்கு...” என்றது ஒரு குரல்.

“அரோகரா!” என்றது லாட்ஜ்.

அரும்பொருள் என்று கேட்டதும், மிச்சம் வைத்திருந்தவர்கள் அதை வாயில் போட்டுக்கொண்டார்கள். என் மேடை வாழ்வில் சொற்கள் இவ்வளவு விரைவாகப் பலித்ததில்லை.

எந்த நெற்றியிலும் பெரணி இல்லை. மேனேஜர் மெல்ல நினைவுபடுத்திக்கொண்டார். “பழுப்பா ஒண்ணு இருந்துதே, அதைத் தயிரம்மா கேட்டு வாங்கிக்கிட்டுப் போச்சு சார். மாட்டுக்குப் பூசறதுக்காம்.”

சார் ஓடினார். நானும் ஓடினேன். கூட்டத்தில் பஸ் இல்லை, சைக்கிளுக்கும் இடமில்லை. கோயிலிலிருந்து அடி அண்ணாமலைக்குத் தெற்கே போய் மேற்கே சுற்றினால் தூரம் அதிகம். வடக்கே போனால் குறைவு. ஆனால் தீபத்தன்று உலகமே மலையை வலம்வந்துகொண்டிருக்கும்போது, நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில், இடம்வரத் தொடங்கினோம்.

“யோவ், எல்லாரும் இப்படி வராங்க, நீ எங்கய்யா அப்படிப் போற?”

“மாட்டைப் பார்க்கப் போறேங்க.”

“தீபத்துக்கு இடமாச் சுத்தறியே, உனக்கெல்லாம் கல்யாணம் ஆச்சா?”

“இல்லீங்க.”

“எப்படி ஆவும்?”

சார் ஒவ்வொரு வினாவுக்கும் நின்று மரியாதையோடு விடை சொன்னார். இறுதியில் தடி பிடித்த ஒரு தொண்டர் எங்கள் தோளைப் பற்றித் திருப்பி நிறுத்திவிட்டார். அப்போதுதான் சாரின் மூளை வேலை செய்தது. கூட்டத்தோடு ஒத்துப்போகும்படி முகத்தை வலத்திசையிலேயே வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் பின்னோக்கி எடுத்துவைக்கத் தொடங்கினார். முகம் வலம், நடை இடம். நான் அவர் இடுப்பைப் பிடித்து வழிகாட்டினேன். கண்டவர்கள் திகைத்தார்கள். “ஐயோ, இன்னா கடுமையான வேண்டுதலோ!” என்று ஓர் அம்மாள் விலகி வழிவிட்டார். இன்னொருவர் குடத்துத் தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினார். அடி அண்ணாமலை வரை எங்களுக்குப் பாதை தானாகத் திறந்தது.

மாட்டுக் கொட்டகையில் தயிரம்மா லட்சுமியின் முன்னே நின்றிருந்தார். பசுவின் நெற்றியில் ஒரு பழுப்புக் கோடு. அம்மாளின் உள்ளங்கையில், மந்தாரை இலைமேல், மிச்சப் பெரணி.

சார் மூச்சுவாங்கினார். “அம்மா, அது சாமி துன்னூறு இல்ல. ஜவ்வாது மலையில ஒரு பெரணி. நான் எரிச்ச சாம்பல்.”

“மலையில மொளைச்சதுதானே? இந்த மலை இல்லன்னா, இதுக்குச் சொந்தக்கார மலை.”

“அதுல என்ன இருக்குன்னே தெரியாதும்மா.”

“தெரியாததனாலதான் தம்பி பூசறோம். தெரிஞ்சா டாக்டர் கிட்டப் போவமே.”

என் வாழ்நாளில் இதற்கு மறுப்புரை இன்னும் அகப்படவில்லை. சார் மெல்ல, தந்தையிடம் சொன்ன சொல்லையும், நாளைக் காலை புறப்படும் தோழரையும், இந்த இலையில் இருப்பது போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னார். கேட்கத்தான் சொன்னார், ஆனால் கையை நீட்டவில்லை. பசுவைப் பார்த்தார். அந்த அம்மாளின் கையைப் பார்த்தார். கடைசியில், “உங்களுக்கு வேணும்னா வெச்சுக்கங்கம்மா. உள்ளுக்கு மட்டும் குடுத்துடாதீங்க, நெத்தியோட போகட்டும்” என்று சொல்லித் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

“நில்லுடா தம்பி.”

தயிரம்மா ஆள்காட்டி விரலால் இலைச்சாம்பலின் நடுவே ஒரு கோடு கிழித்தார். “இது லட்சுமிக்கு. இது உனக்கு. உனக்கும் ஒண்ணும் நிக்கல, அவளுக்கும் ஒண்ணும் நிக்கல. ஆளுக்குப் பாதி.”

சார் வெண்ணெய்த் தாளை விரித்து மண்டியிட்டார். சாம்பல் தாளில் விழுந்த அதே கணத்தில் மலையுச்சியில் தீபம் ஏறியது. ஊர் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. தயிரம்மா இரு கைகளையும் தலைமேல் குவித்தார். சாரோ சிந்திய ஒரு துகளைத் தூரிகையால் தேடிக்கொண்டிருந்தார்.

“மலையைப் பாருடா! சாம்பல் எங்க ஓடிப்போவுது?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணாடியின் இரு வட்டத்திலும் ஒவ்வொரு சுடர். எரிப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர், ஒரு நெருப்பை அளக்காமல் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

மாசியில் பம்பாயிலிருந்து டிரங்க் கால் வந்தது. வெளிநாடு கிளம்பும் அவசரத்திலும் தோழர் அளந்துவிட்டிருந்தார். மேனேஜர் ரிசீவரைப் பிடித்துக்கொள்ள, லாட்ஜே கூடி நிற்க, சார் கத்தினார்.

“வேங்கை? கம்மியா? சரி. கடுக்காய்? கம்மி. பெரணி? ஹலோ, பெரணி? ... எவ்வளவு? ... ஜாஸ்தியா? எவ்வளவு ஜாஸ்தி?”

ரிசீவரை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இருக்காம். மத்த இலையை விடப் பல மடங்காம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூடவே மாட்டு முடி ஒண்ணும் இருந்துச்சாம். அடுத்த தடவை சுத்தமா அனுப்பச் சொன்னான்.”

“வெற்றி!” என்று நான் முழங்கினேன்.

“ஒரு பொட்டலம்தானே பேச்சாளரே. இன்னும் பல இடத்துப் பெரணியைப் பார்க்கணும்.” ஆனால் அன்று மாலையே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். திரும்பியபோது தந்தையார் கொடுத்தனுப்பிய ஒரு மூட்டை மல்லாட்டை அவரோடு வந்தது. அதையும் எரித்துப் பார்க்க வேண்டுமாம், தந்தையாரின் உத்தரவு.

லட்சுமியும் சினை நின்றாள். தயிரம்மா தெருத்தெருவாகச் சாம்பலின் மகிமையைப் பாடினார். “ஒரே ஒரு மாடும்மா, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்று பின்னாலேயே போய்ச் சார் தெருத்தெருவாக மறுத்தார். ஊர் இருவரையும் நம்பியது.

அடுத்த ஆண்டு, சாருக்கு வடக்கே ஒரு காட்டாராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. பெரணிகளையே ஆராயும் வேலை. பேருந்து நிலையத்தில் மெட்ராஸ் பஸ்ஸின் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருக்க, வழியனுப்பு உரைக்கு நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு தயிரம்மா வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி.

“லட்சுமி கன்னு போட்டுட்டா. கெடேரி. சீம்பால் காய்ச்சி எடுத்தாந்தேன், வழியில துன்னு. கன்னுக்கு நீ சொல்ற அந்த உலோகத்துப் பேரை வைக்கலாம்னு பார்த்தேன், கூப்பிட வாய் வலிக்குது. சாம்பலுன்னு வெச்சுட்டேன்.”

சார் தூக்குச்சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். பக்கத்துல நிக்கற வேங்கைக்கு வாணாங்கற சரக்கு, அந்தப் பெரணிக்கு மட்டும் இன்னாத்துக்கு? துன்னு அதுக்கு இன்னா ஆவப் போவுது?”

“தெரியலம்மா” என்றார் சார். “அதுக்கு அது தேவையா, இல்ல வேணாம்னு ஒதுக்கி இலையில போட்டு வைக்குதா, யாருக்கும் தெரியல. அதைப் பார்க்கத்தான் போறேன்.”

“பார்த்துட்டு? அங்கயே குந்திடுவியா?”

நடத்துநர் விசில் ஊதினார். பஸ் உறுமியது. என் உரை தொண்டையிலேயே நின்றது. பஸ் நகர, தயிரம்மாவும் கூடவே நடந்தார். நான் அவருக்குப் பின்னால். வர வாய்ப்பிருக்கு என்ற அந்தப் பழைய விடைக்காக நான் காத்திருந்தேன். சாட்சிகளே, இங்கேதான் நீங்கள் செவிகூர வேண்டும். என் வழக்கு இந்த இடத்தில் தோற்றது. தோற்றதில் எனக்கு இன்றளவும் வருத்தமில்லை. சார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பேருந்து நிலையம் முழுவதும் கேட்கும்படி கூவினார்:

“நிச்சயமா வருவேம்மா! ஏன் துன்னுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே வந்து, மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்!”